அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்கள்

ஊரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு,

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் 31 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். உங்களில் பலரை எனக்குக் குரலாகத்தான் தெரியும். மாதம் பிறந்ததும் போன் செய்வீர்கள். "அண்ணே, அம்மாவுக்கு வழக்கமான மாத்திரை ஒரு மாசத்துக்குக் கொடுத்தனுப்புங்க, பணம் இப்பவே போட்டுவிடுறேன்" என்பீர்கள். போனை வைப்பதற்குள் பணமும் வந்துவிடும். பெற்றவர்களை மறந்த பிள்ளைகள் இல்லை நீங்கள். ஆனால் என் கடையை விட்டுப் போன மாத்திரை வீட்டுக்குள் என்ன பாடுபடுகிறது என்பது உங்களுக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு அம்மா கடைக்கு வந்தார். எழுபதை நெருங்கும் வயது. வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை என்றார். தடவுகிற மருந்தும் பி காம்ப்ளெக்ஸும் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் மறுபடி வந்தார். உதடு வெடித்திருந்தது, பேசவே சிரமப்பட்டார், காய்ச்சல் வேறு. "வேற என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?" என்று அப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி டப்பாவை எடுத்து வரச் சொன்னார்.

பட்டர் பிஸ்கட் வந்த தகர டப்பா அது. மூடியைத் திறந்தால் அரை அட்டை, கால் அட்டை, ஒற்றை மாத்திரையாக வெட்டிய துண்டு என்று மேலும் கீழுமாகக் கிடந்தன. இரண்டு ரப்பர் பேண்டு, ஒரு மூக்குக் கண்ணாடிச் சட்டம், காலியான சொட்டு மருந்துக் குப்பி, திருநீற்றுப் பொட்டலம். அதற்குள்ளிருந்து மஞ்சள் மாத்திரை இருந்த இரண்டு அட்டைத் துண்டுகளை அவர் எடுத்துக் காட்டினார். ஒன்றில் எட்டு இருந்த இடத்தில் ஒன்றுதான் மிச்சம். இன்னொன்று கிட்டத்தட்ட முழுசாக இருந்தது.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை உண்டு. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். அது வயிற்றையும் வாயையும் ரத்தத்தையும் கெடுக்காமல் இருக்க, மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட் கொடுப்பார்கள். இரண்டுமே பல கம்பெனிகளில் மஞ்சளாகத்தான் வரும். அந்த அம்மா இரண்டையும் மாற்றிவிட்டார். வாரம் ஒன்றாக இரண்டு மாதத்துக்கு வரவேண்டிய எட்டில் ஏழு மாத்திரைகளை, நாளுக்கு ஒன்றாக ஏழே நாளில் சாப்பிட்டிருந்தார். வாய்ப்புண்ணுக்கு நான் மருந்து தடவச் சொன்ன பிறகும் மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த அட்டையைக் கத்தரித்தது நான்தான். பெயரும் தேதியும் தெளிவாக இருந்த முனை என் அலமாரியிலேயே தங்கிவிட்டது. "வாரம் 1" என்று எழுதித்தான் கொடுத்தேன், ஆனால் எழுதியது காகிதக் கவரில். கவர் அன்றைக்கே அடுப்படிக் குப்பைக்குப் போய்விட்டது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 18 நாள் இருந்தார். மாற்று மருந்தாக ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இன்றும் இருக்கிறார், கோயிலுக்குப் போகிற வழியில் கடைப்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார். அவருடைய மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். ஒரு மாதம்கூடப் பணம் தவறியதில்லை.

அன்றிலிருந்து அட்டையின் பின்பக்கமே மார்க்கர் பேனாவால் எழுதுகிறேன். இந்த மாத்திரை என்றால் "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று கிழமையை முழுசாக எழுதிவிடுவேன். உங்கள் வீட்டில் யாருக்காவது மெத்தோட்ரெக்ஸேட் இருந்தால், இன்றைக்கே போன் செய்து, என்ன கிழமை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். "தினமும் காலையில" என்று பதில் வந்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள். வாய்ப்புண் வரவில்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

கத்தரித்த அட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். ஐந்து மாத்திரை வாங்கினால் அந்த முனை யாருக்குப் போகும் என்பது கத்தரிக்கோல் எந்தப் பக்கம் நுழைகிறது என்பதைப் பொறுத்தது. மாதாமாதம் சாப்பிடுகிற மாத்திரையை முழு அட்டையாகவே வாங்குங்கள். வெட்டித்தான் தீரவேண்டும் என்றால் பெயரையும் தேதியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தக் கடைக்காரரும் அதற்குக் கோபப்பட மாட்டார், கோபப்பட்டால் கடையை மாற்றுங்கள். வீட்டில் சாப்பிடும்போதும் தேதி இல்லாத முனையிலிருந்து சாப்பிட்டு வரச் சொல்லுங்கள். எக்ஸ்பைரி 06/2026 என்று போட்டிருந்தால், அந்த ஜூன் மாதக் கடைசி நாள் வரைக்கும் சாப்பிடலாம் என்று அர்த்தம். ஜூன் முதல் தேதியே தூக்கிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அடுத்த பொங்கல் வரை சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது, டப்பா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் அது ஃப்ரிட்ஜின் தலைமேல் இருக்கும், அடுப்புக்கு மேலே மசாலா டப்பாவோடு இருக்கும், இல்லையென்றால் சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்றுமே சூடான இடம். பெரும்பாலான அட்டையில் 25 டிகிரிக்குக் கீழே, அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்றுதான் இருக்கும். சித்திரை வெயிலில் நம்ம ஊர் ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதயத்துக்காகச் சாப்பிடும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினை ஒரு பெரியவர் கொண்டுவந்து, "இது ஏன் தம்பி ஊறுகாய் வாடை அடிக்குது?" என்று கேட்டார். ஆஸ்பிரின் ஈரமும் சூடும் பட்டுச் சிதைந்தால் காடி வாடைதான் வரும். தைராய்டு மாத்திரை நூறு நூறாகக் குப்பியில் வரும். அதை வேறு டப்பாவில் கொட்டி வைக்காமல், வெளிச்சமும் ஈரமும் படாமல் அதே குப்பியில் இறுக மூடி வைக்க வேண்டும். வீட்டின் நடுக்கூடத்தில், வெயில் படாத சுவரில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு சின்ன அலமாரி அடித்துக் கொடுங்கள். நீங்கள் ஊருக்கு வாங்கி வரும் புடவையைவிட அது அதிக நாள் உதவும்.

இன்சுலின் மட்டும் தனிக்கதை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டி வைக்கிற பெட்டியில் வைக்கக் கூடாது, அதை ஒட்டியும் வைக்கக் கூடாது. உறைந்துபோன இன்சுலினை உருக வைத்துப் போட்டால் பலனே இருக்காது, தூக்கித்தான் போட வேண்டும். கதவுத் தட்டும் வேண்டாம், திறந்து மூடத் திறந்து மூடச் சூடேறும். பயன்படுத்தத் தொடங்கியதை வெளியே, வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வைக்கலாம். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடுங்கள். மின்சாரம் நிற்கிற ஊரிலும் ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும் மண்பானை இருக்கிறதே! ஈர மணலுக்குள் பானையை வைத்து, அதற்குள் ஒரு சின்ன டப்பாவில் இன்சுலினை வைத்தால் வெளிச்சூட்டைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும்.

இன்சுலினில் உங்களால், அதாவது பிள்ளைகளால், வருகிற ஒரு ஆபத்தும் உண்டு. அம்மா சிரமப்படக் கூடாது என்று பேனா ஊசிக்கு மாற்றிவிட்டுப் போவீர்கள். பழைய குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவுக்குள் இருக்கும் மருந்தில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா கெட்டுவிட்டது, அவசரம் என்று யாராவது அதிலிருந்து பழைய சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு இன்சுலின் உடம்புக்குள் போய்விடும். பேனாவுக்கு மாறிய அன்றைக்கே பழைய சிரிஞ்சுகளை வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள்.

டப்பாவைக் கொட்டி எண்ணும்போது இன்னொன்றும் கண்ணில் படும்: ஒரே மருந்து இரண்டு பெயரில். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது பெரிய காரியம், நடக்க முடியாதவர்களுக்கு வரம். அதே சமயம் நீங்கள் டவுனில் ஒரு ஸ்பெஷலிஸ்டிடமும் காட்டியிருப்பீர்கள், அவர் வேறு பெயரில் எழுதியிருப்பார். அரசு அட்டையில் அம்லோடிபின் என்றே இருக்கும். தனியார் கடை அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும் அம்லோடிபின் என்பது அதற்குக் கீழே எறும்பு எழுத்திலும் இருக்கும். அம்மா இரண்டையும் சாப்பிடுவார். கால் வீங்கும், ஏனென்றால் அம்லோடிபினுக்கு அந்தக் குணம் உண்டு. கால் வீக்கம் என்று இன்னொரு மருத்துவரிடம் போனால் நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதுவார். ராத்திரி மூன்று முறை எழுந்து பாத்ரூம் போவார், தலை சுற்றும், வழுக்கி விழுவார். இடுப்பு எலும்பு உடைந்தது என்று உங்களுக்குப் போன் வரும். எல்லாரும் ஈரத் தரையைக் குறை சொல்வார்கள்.

ஆகவே கம்பெனி வைத்த பெயரைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்டச் சொல்லுங்கள். இரட்டை என்று தெரிந்தாலும் நீங்களாக ஒன்றை நிறுத்திவிட வேண்டாம், மருத்துவர் சொல்லி நிறுத்துங்கள்.

எழுதவே மனம் கனக்கிற ஒன்றையும் சொல்கிறேன். அப்பா போய்விடுவார். காரியம் முடிந்து பதினாறாம் நாள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அவருடைய மாத்திரைகள் மட்டும் அந்த டப்பாவிலேயே இருக்கும். இரண்டு மாதம் கழித்து அம்மா வந்து, "அவருக்கு வாங்கினது வீணாப் போகுது தம்பி, எனக்கும் பிரஷர்தானே, நானே சாப்பிட்டுடுறேன்" என்பார். காசு வீணாகிறது என்பது மட்டும் இல்லை, அவர் தொட்ட பொருளைத் தூக்கிப்போட மனசு வராது. அந்த வேலையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முன் நீங்களே எடுத்துவிடுங்கள். புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் வாங்கியிருந்தால், வாங்கிய இடத்திலேயே கேட்டு ஒப்படைத்துவிடுங்கள். தனியாக இருக்கிற, மனசு உடைந்திருக்கிற பெரியவர் வீட்டில் ஒரு மாதத்துக்கான தூக்க மாத்திரையை ஒட்டுமொத்தமாகக் கொடுத்து வைப்பதும் சரியில்லை. வாரத்துக்கு வாரம் வாங்கிக் கொடுக்கவும், மிச்சத்தைப் பூட்டி வைக்கவும் யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள்.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறீர்கள். அதுவரை பெரியவர்கள் மட்டும் இருந்த வீடு, எல்லாம் கைக்கெட்டுகிற உயரத்தில். பாட்டியின் சுருக்குப்பை தலைமாட்டில் கிடக்கும், அதில் வெற்றிலையோடு சுகர் மாத்திரையும் இருக்கும். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை ஒன்று போதும், இரண்டு வயதுக் குழந்தையின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அது உடனே தெரியாது, பல மணி நேரம் விளையாடிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சுருண்டு விழலாம். சாப்பிட்டிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள், அந்த அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும், குழந்தைக்கு அது விஷம். "இது மிட்டாய், கண்ணை மூடிச் சாப்பிடு" என்று ஏமாற்றி மருந்து கொடுக்கும் பழக்கத்தை விடச் சொல்வது இதனால்தான்.

போன விடுமுறையில் விட்டுப்போன காய்ச்சல் மருந்தும் டப்பாவில் இருக்கும். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 250. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால் பெரிய ஆளுக்குரிய 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். தண்ணீர் கலந்து வைத்த ஆன்டிபயாட்டிக் சிரப் ஒரு வாரத்தோடு சரி, லேபிளில் பாருங்கள். கண் சொட்டு மருந்துக் குப்பியைத் திறந்து ஒரு மாதம் ஆனால் போடாதீர்கள். அட்டையின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருக்கும் மாத்திரை, மருத்துவர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாதது. மிச்சமிருக்கிறதே என்று எதிர் வீட்டுக்குக் கொடுக்கிற தருமம் இதில் செல்லாது.

சரி, ஒதுக்கியதை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல முடியாத நிலையில்தான் நம் ஊர்கள் இருக்கின்றன என்பது எனக்கு ஆற்றாமை. கேரளத்தில் 2025-இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கோழிக்கோட்டில், வீட்டில் மிஞ்சிய மருந்துகளைச் சேகரித்து முறைப்படி எரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதே வருடம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு நிறுவனமும் வழிகாட்டி வெளியிட்டு, மருந்து வணிகர் சங்கங்களும் மாநிலத் துறைகளும் சேர்ந்து மருந்தைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு செய்யலாம் என்றது. எங்கள் சங்கக் கூட்டத்தில் நானும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் உங்கள் வார்டில் கேளுங்கள். 2016-ஆம் வருடத்துத் திடக்கழிவு விதிகளே காலாவதி மருந்தை வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லி, தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னன.

அந்த ஏற்பாடு உங்கள் ஊருக்கு வரும்வரை இப்படிச் செய்யுங்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, வடிகட்டிய காப்பிச் சக்கையிலோ ஈர மண்ணிலோ பிசைந்து, கவரில் கட்டிக் குப்பை எடுப்பவரிடம் கொடுங்கள். குப்பைமேட்டில் மேயும் ஆட்டுக்கும், பொறுக்க வரும் பிள்ளைக்கும் அது மாத்திரையாகத் தெரியக் கூடாது. எரிக்காதீர்கள். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் அழுத்தக் குப்பி நெருப்பில் வெடிக்கும். வாய்க்காலில் கொட்டாதீர்கள். கழிவறையில் ஊற்றுவதும் பொதுவாகக் கூடாதுதான், ஆனால் மார்ஃபின், டிராமடால், டயஸிபாம் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும், யார் கையிலும் சிக்கக் கூடாது என்பதற்காக, ஒப்படைக்க வழியில்லாதபோது கழிவறையில் போட்டுத் தண்ணீர் விடலாம் என்று அந்த வழிகாட்டி சொல்கிறது.

கண்ட இடத்தில் மருந்தைக் கொட்டாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடம்புக்குள் போய் வேலை முடித்ததும் மருந்து மறைந்துவிடுகிறது என்று நினைக்கிறோம், அப்படியில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. நாடு முழுக்க அந்த இனமே அழிகிற நிலைக்கு வந்து, 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நம் மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவை அதில் பிழைத்தவை.

ஊசியைப் பற்றித் தனியாகக் கெஞ்சிக் கேட்கிறேன். தினம் இரண்டு முறை இன்சுலின் போடுகிற வீட்டில் மாதம் எத்தனை ஊசி சேரும் என்று கணக்குப் போடுங்கள். எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அம்மா ஒருநாள் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு கடைக்கு வந்தார். பையை அமுக்கிக் கட்டும்போது குத்திய ஊசி யாருடையது, அவருக்கு என்ன நோய் என்று எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் அந்த அம்மா பயந்துகொண்டே இருந்தார். தரை துடைக்கும் மருந்து வரும் கெட்டியான பிளாஸ்டிக் கேனில் ஊசிகளைப் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, "ஊசி" என்று பெரிதாக எழுதிக் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வர முடியாத மாதங்களில் வீடியோவில் பேசும்போது, "டப்பாவைத் திறந்து காட்டும்மா" என்று கேளுங்கள். முதல் தடவை அம்மா சலித்துக்கொள்வார். இரண்டாம் தடவை அவரே வரிசையாக அடுக்கி வைத்துக் காட்டுவார், எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு வருகிறவர்கள், டப்பாவிலிருந்து எதையும் எடுக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு பக்கத்து மருந்துக் கடைக்குப் போங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள், எதை எப்போது சாப்பிடுகிறார் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். எங்கள் ஊர்க்காரர்கள் என்னிடமே வரலாம். பகல் இரண்டு மணியிலிருந்து நாலு வரை கூட்டம் இருக்காது. உட்கார்ந்து பார்க்க உள்ளே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர் மருந்துக் கடைக்காரர்